மகள் பெயரால் ஒரு மூட்டை அரிசி

பிள்ளைகளுக்குச் சமைக்கிறவர்களுக்குத் தெரியும், பருப்பும் உருளைக்கிழங்கும் வைத்த நாளில் சாப்பாட்டு மண்டபம் அமைதியாக இருக்கும். மீன் என்றால் முள் பற்றிய முறைப்பாடு, கீரை என்றால் முகச்சுளிப்பு. அதனால் எங்கள் நிலையத்தில் திங்கட்கிழமைகளில் எப்போதும் பருப்புத்தான். கிழமை தொடங்கும்போது பிள்ளைகளுக்கு வயிறு நிறைய வேண்டும் என்பது என் எண்ணம். நளீர் சேர், இதையெல்லாம் நீங்கள் கேட்கவில்லை என்று தெரியும். இருந்தாலும் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள். அன்னப்பூரணி என்கிறவள் என்ன செய்தாள் என்று எழுதும்போது இதுவும் இருக்கட்டும்.

தோணி சிறுவர் குடும்ப நிலையத்தை நீங்கள் வெளியிலிருந்து பார்த்திருப்பீர்கள். கல்குடாவுக்குப் போகும் வழியில், வாவியைப் பார்த்தபடி நிற்கும் நீலக் கட்டடம். தொடக்கத்தில் அது தகரக் கொட்டகை. சுனாமிக்குப் பிறகு வந்த வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் நான் வேலை செய்தேன். வாகரை வரைக்கும் மோட்டார் சைக்கிளில் போய் வீடு வீடாக ஏறி இறங்குவேன். சில வருடங்களில் அவர்கள் போய்விட்டார்கள். போகும்போது கேக் வெட்டினார்கள், என்னைக் கட்டிப்பிடித்தார்கள், கடிதம் போடுவதாகச் சொன்னார்கள். எனக்குப் போக இடமிருக்கவில்லை. தாய் தகப்பன் காலமாகிவிட்டார்கள். பேசி வந்த இரண்டொரு கலியாணமும் சரிவரவில்லை. அவர்கள் விட்டுப்போன கொட்டகையில் பின்னேர வகுப்புத் தொடங்கினேன்.

வகுப்புக்கு வந்த பிள்ளைகளுக்குப் பசித்தது, அதனால் சமைத்தோம். அண்ணன்மார் வேலையில்லாமல் சந்தியில் நின்று போதைக்குப் பழகினார்கள், அதனால் உதைபந்தாட்டக் குழு அமைத்தோம். தாய்மாருக்குத் தையல் வகுப்பு வந்தது. தங்கிப் படிக்க ஏழெட்டுப் பெண்பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். ஒரு நல்ல வேலை அப்படித்தான் வளரும். அதை வளர்த்தது நான். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை.

பெற்றோலுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்ற வருடம், எங்களுக்கு உதவியவர்கள் கைவிட்டுவிட்டார்கள். அரிசி வாங்க முடியவில்லை. அப்போது எங்கள் வினோஜன், படம் எடுத்து முகநூலில் போடுகிற பொடியன், ஒரு யோசனை சொன்னான்.

"மிஸ், நாப்பது புள்ளையளக் காட்டினா ஆரும் பார்க்க மாட்டாங்க. ஒரு புள்ளயக் காட்டுவம்."

அந்த ஒரு பிள்ளைதான் விதுர்ஷா.

அவளுக்கு அப்போது எட்டு வயது. சொந்த ஊர் வாவிக்கு அப்பால் படுவான்கரையில், பழுகாமம். தாய் கம்சாயினி சவுதிக்கு வீட்டு வேலைக்குப் போனபின், தகப்பன் மகளைக் கூட்டிக்கொண்டு கல்குடாவுக்கு மீன்பிடி வேலைக்கு வந்தார். வந்த வருடமே கடலில் இறந்துபோனார். தாயிடமிருந்து பேச்சுமூச்சில்லை. அனுப்பிவைத்த ஏஜென்சிக்காரர்கள் தங்களுக்கும் தெரியாது என்றார்கள். அயலவர்கள் பிள்ளையை எங்களிடம் ஒப்படைத்தார்கள். அவள் ஒவ்வொரு பின்னேரமும் தோணிகள் கட்டுகிற துறைக்குப் போய் நிற்பாள். வினோஜன் அதை வீடியோ எடுத்தான்.

"இங்க என்ன செய்றீங்க விது?"

"அம்மா வருவா. வந்தா இதாலதான் வரணும்."

அவ்வளவுதான் படம். நாங்கள் ஒரு சொல்லும் சேர்க்கவில்லை. சவுதியிலிருந்து தோணியில் யாரும் வருவதில்லை என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. கனடாவிலும் சுவிஸிலும் இருக்கிற எங்கள் ஆட்கள் அதைப் பார்த்து அழுதார்கள். இரண்டு மாதத்தில் கொட்டகை இருந்த இடத்தில் அத்திவாரம் வெட்டினோம். எங்கோ இருந்து அழைத்து, "அந்தத் துறையில நிக்கிற பிள்ளை சுகமா?" என்று கேட்பார்கள். சுகம் என்று சொல்வேன்.

அவள் சுகமாகத்தான் இருந்தாள். பொங்கலுக்கும் சித்திரைக்கும் மற்றப் பிள்ளைகள் தங்கள் வீடுகளுக்குப் போய்விடுவார்கள். சமையல்காரப் பெண்ணும் போய்விடுவாள். அந்த நாள்களில் நிலையம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியாது. கதவு திறந்தால் அந்தச் சத்தம் கடைசி அறை வரைக்கும் போகும். அவள் வருவதற்கு முந்திய வருடங்களில், நான் ரேடியோவைப் போட்டுவிட்டு வேறு அறையில் போய் இருப்பேன், யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி. விதுர்ஷா வந்த பிறகு அது தேவைப்படவில்லை. இரண்டு பேருக்கு மட்டும் பொங்கல் புக்கை காய்ச்சினோம். அவளுக்குத் தலை வாரிவிடுவேன். "மிஸ், நோகுது" என்பாள். நோகாமல் வாரப் பழகிக்கொண்டேன்.

அடுத்த வருடம் ஒரு நாள் கம்சாயினி தொலைபேசியில் அழைத்தாள்.

அவளை வேலைக்கு வைத்திருந்தவர்கள் போனைப் பறித்து, வெளியே விடாமல் வைத்திருந்திருக்கிறார்கள். எப்படியோ தப்பித் தூதரகத்து விடுதிக்கு வந்திருக்கிறாள். அங்கே இருந்த ஒருத்தி எங்கள் படத்தைக் காட்டியிருக்கிறாள். படத்தின் கீழே எங்கள் இலக்கம் இருந்தது.

"மிஸ், அது என்ட புள்ள. துறையில நிக்கிறது என்ட புள்ள மிஸ். அவ இரிக்காவா? ஒருக்காக் குடுங்க."

நான் போனை மற்றக் கைக்கு மாற்றினேன். பிறகு, "படம் எடுத்தது முந்தி, கம்சாயினி," என்றேன். "மாரிக்கு டெங்கு நுளம்புக் காய்ச்சல் வந்திச்சு. எங்களால ஏலுமான எல்லாம் செஞ்சம்."

மறுபக்கத்தில் சத்தமில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து ஹலோ, ஹலோ என்றேன். பிறகு வேறொரு பெண் போனை எடுத்து, அவள் கீழே விழுந்துவிட்டதாகச் சொன்னாள். கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்தேன்.

அதே கிழமை விதுர்ஷாவை மடியில் இருத்தி, அம்மா சவுதியில் செத்துப்போனா என்று சொன்னேன். பிள்ளைகளிடம் இப்படியானவற்றை நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பயிற்சி தந்திருக்கிறார்கள். அவள் அழவில்லை. "அப்ப இனித் துறைக்குப் போக வேணாமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அதற்குப் பிறகு பின்னேரங்களில் என்னோடுதான் இருந்தாள்.

கம்சாயினியை நாட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். மகளைப் புதைத்த குழியைப் பார்க்க வேண்டும் என்றாள். கேட்பாள் என்று தெரியும். நிலையத்துக்கு வர வேண்டாம், மற்றப் பிள்ளைகளைப் பார்த்தால் தாங்கமாட்டாய் என்று சொல்லி, மட்டக்களப்பு பஸ் நிலையத்தில் நானே போய்க் கூட்டிக்கொண்டேன். முப்பது வயது கடந்திருக்கும், பார்க்க என் வயது மாதிரி இருந்தாள். கடற்கரைப் பக்கத்து மயானத்துக்குக் கூட்டிப்போனேன். முதல் நாளே போய் ஒரு இடம் பார்த்து வைத்திருந்தேன். ஓரமாக, சின்னதாக, கவனிப்பார் இல்லாத ஒரு குழி. அது யாருடைய பிள்ளை என்று எனக்கு இன்றும் தெரியாது. புல்லைப் பிடுங்கித் துப்புரவாக்கியிருந்தேன்.

அவள் அந்த மணலில் முகத்தை வைத்துப் படுத்துவிட்டாள். நான் குடை பிடித்தேன். மயானத்து மதிலுக்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். இடைவேளைச் சத்தம் கேட்டது. அவள் தலையைத் தூக்கினாள்.

"பள்ளிக்கூடமா மிஸ் அது?"

"ஓம்."

"என்ட புள்ளயும் அங்கதான் படிச்சாவா?"

"ஓம். நல்லாப் படிச்சா."

சேர், அந்த இரண்டு பதிலிலும் பொய் இல்லை. விதுர்ஷா அந்த நேரம் மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருந்தாள். இடைவேளைக்கு நான் கட்டிக்கொடுத்த ரொட்டியைச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

அன்றே அவளைப் பஸ் ஏற்றி அனுப்பினேன். ஏறும்போது என் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "கடைசி நேரத்தில நீங்களாவது பக்கத்தில இரிந்தீங்களே, மிஸ்," என்றாள்.

அவள் பழுகாமத்தில் தனியாக ஒரு குடிசை போட்டுக்கொண்டு, வட்டை என்கிற வயல்வெளிக்குள் கூலி வேலைக்குப் போனாள். அறுவடை வெட்டு முடிந்ததும் கூலியாகக் கிடைத்த நெல்லைக் குற்றி, ஒரு மூட்டை அரிசியைப் பஸ்ஸில் போட்டு அனுப்புவாள். மகள் பெயரால் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவாள். சந்தியில் ஓட்டோ ஓட்டுகிற பக்கீர் காக்கா இறக்கிக்கொண்டு வருவார். நான் அதை வீணாக்கவில்லை. சொன்னபடியே சமைத்துக் கொடுத்தேன். விதுர்ஷா இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். "இந்தச் சோறு நல்ல மணம் மிஸ், எங்கால?" என்று ஒருநாள் கேட்டாள். படுவான்கரை அரிசி என்றேன்.

போன வெட்டுக்கு மூட்டையோடு அவளே வந்துவிட்டாள். முன்கூட்டியே சொல்லவில்லை. பக்கீர் காக்காவின் ஓட்டோ வாசலில் நின்றபோது நான் சமையலறை வாசலில் நின்றேன். விதுர்ஷா கிணற்றடியில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். உயர்ந்திருந்தாள், பல் எல்லாம் விழுந்து முளைத்திருந்தது. ஆனாலும் தாய்க்கு அடையாளம் தெரிந்துவிட்டது. அவள் கிட்டப் போகவில்லை. நடந்து வந்தவள் அப்படியே மணலில் இருந்துவிட்டாள்.

"ஆரத் தேடுறீங்க?" என்று விதுர்ஷா கேட்டாள்.

பக்கீர் காக்காதான் பேசினார். வரும் வழியில் அவள் தன் கதையை அவரிடம் சொல்லியிருக்கிறாள். அவர் விதுர்ஷாவையும் பார்த்தார், என்னையும் பார்த்தார்.

"மிஸ், இவட புள்ள மௌத்தெண்டுதானே சொன்னீங்க. இந்தப் புள்ளய நான்தானே தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏத்திப் போறன்."

அவர் கம்சாயினிக்குப் பக்கத்தில் குந்தினார். "தங்கச்சி, எழும்புங்க. புள்ள நிக்குது, பாருங்க," என்றார்.

"விது," என்றாள் அவள். அந்தக் குரலைக் கேட்டதும் பிள்ளையின் கையிலிருந்த கோப்பை கிணற்றுக் கட்டில் விழுந்தது. அவள் தாயிடம் ஓடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள். அவள் என் பக்கம் திரும்பினாள். என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நான் ஏதாவது சொல்லுவேன் என்று காத்திருந்தாள். நான் உள்ளே போய் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்தேன். வந்தபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என்னை யாரும் பார்க்கவில்லை.

காலையில் உங்களிடம் கேட்டேன், பிள்ளை என்னை விசாரித்தாளா என்று. நீங்கள் யன்னலைப் பார்த்தீர்கள். பரவாயில்லை.

எழுத முந்தி, காலை முழுக்க நான் நாற்பது பிள்ளைகளைப் பற்றிச் சொன்னேன். தாய் திரும்பி வந்தால் உதவி நின்றுவிடும், நின்றால் பிள்ளைகள் பட்டினி, ஒரு பெண்ணின் கண்ணீரை மற்றப் பக்கத்தில் வைத்து நிறுத்துப் பார்த்தேன் என்றேன். நீங்கள் பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு ஒரு கேள்வி கேட்டீர்கள்.

"அந்தப் புள்ளட முகத்தாலதான் உதவி வந்ததெண்டா, அவ தாய் கோல் எடுத்த கிழமையே அந்த முகத்தைப் போட வேணாமெண்டு ஏன் நிறுத்தினீங்க?"

வினோஜன் உங்களிடம் சொல்லியிருக்கிறான். உண்மைதான். இனி எந்தப் பிள்ளையின் முகத்தையும் படத்தில் காட்டக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தேன். பழைய படத்தையும் எடுக்கச் சொன்னேன். வெளிநாட்டிலிருந்து அதைப் பாராட்டி எழுதினார்கள். "விதுர்ஷா இல்லாம எங்கட படத்த ஆரும் பார்க்க மாட்டாங்க மிஸ்," என்று வினோஜன் கெஞ்சினான். அவன் சொன்னபடியே நடந்தது. உதவி குறைந்தது. தையல் வகுப்பை மூடினோம். உதைபந்துக் குழுவில் இருந்த பொடியன்மார் திரும்பவும் சந்திக்குப் போனார்கள். அவர்களில் ஒருவன் இப்போது உங்கள் சிறைக்கூண்டில் இருக்கிறான், உள்ளே வரும்போது கண்டேன்.

ஆகவே அது நிலையத்துக்காகச் செய்தது இல்லை. எழுதிக்கொள்ளுங்கள். உயிரோடு இருந்த பிள்ளையைத் தாயிடம் செத்தது என்று சொன்னேன், உயிரோடு இருந்த தாயைப் பிள்ளையிடம் செத்துப்போனாள் என்று சொன்னேன், யாரோ பெற்ற பிள்ளையின் குழியைக் காட்டி அழவைத்தேன். அறிந்துதான் செய்தேன். யாரும் என்னைத் தூண்டவில்லை.

ஏன் என்றால், அந்தத் தொலைபேசி வந்த நாள் தைப்பொங்கலுக்கு அடுத்த நாள். நிலையத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும்தான். விதுர்ஷாவுக்குக் கடும் காய்ச்சல். என் கட்டிலில் படுத்திருந்தாள். நெற்றியில் ஈரத்துணி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணைத் திறக்காமல் என் விரலைப் பிடித்துக்கொண்டு, "அம்மா," என்றாள். "என்ன மனே, இங்கதான் இரிக்கன்," என்றேன். அப்போதுதான் போன் அடித்தது.

காய்ச்சலில் பிள்ளைகள் பெற்ற தாயைத்தான் கூப்பிடும் என்று நீங்கள் சொல்வீர்கள். உங்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த அறையில் நான் மட்டும்தான் இருந்தேன், சேர்.