பச்சைப் புள்ளி

— "அப்பா, பொட்டிக்குள்ள இருக்கிறவங்களுக்கு மூச்சு முட்டாதா?" ஞாபகம் இருக்குதாங்க? அஞ்சு வயசுல நம்ம பொண்ணு கேட்டது.

— இப்ப எதுக்கு அது? கொஞ்சம் தள்ளு, இந்த அலமாரித் தட்டைத் துடைக்கணும். கையைக் கழுவிட்டுத்தானே வந்த? அட்டையில எண்ணெய் பட்டா போகாது.

— கழுவிட்டேன் சாமி. நூத்தி அறுபத்து மூணு போர்டு கேம். பாதிக்கு மேல மேல்தாளையே பிரிக்கல. பிரிச்சதையும் யாரையும் தொட விடுறதில்ல.

— சேர்க்கிறதும் ஒரு சந்தோஷம்தான்.

— சரி, இந்தக் கப்பல் விளையாட்டைப் பாருங்க. ஆறு மாலுமிங்க. இந்தச் சிவப்பு ஆளைக் கொஞ்சம் கவுத்துப் பாருங்களேன்.

— எதுக்கு?

— பாருங்க. அடியில என்ன இருக்கு?

— ஒரு புள்ளி. பச்சைப் புள்ளி.

— கீழ் வீட்டு அக்கா நகப்பூச்சுல வைக்கிற புள்ளி. ஞாயித்துக்கிழமை நீங்கள்லாம் அங்க கூடி விளையாடறப்போ அவங்கவங்க காய் கலந்துடக் கூடாதுன்னு வைப்பாங்களே, அது. மத்த அஞ்சு பேருக்கும் இல்ல.

— மெதுவாப் பேசு.

— ஊர்ல இருக்கிறவன் எலும்பையெல்லாம் எக்ஸ்ரே எடுக்கிற ஆளு, இதைத் திருப்பிப் பாக்கலையா?

— எடுத்த அன்னிக்கே பாத்தேன். சுரண்டினா மரத்துல பெயிண்ட் போயிடுமேன்னு விட்டுட்டேன்.

— கடவுளே! திருடினது உறுத்தல, பெயிண்ட் போறது உறுத்துச்சா?

— என் பொட்டியில சிவப்பு காணாமப் போச்சு. அவங்ககிட்டயும் இதே விளையாட்டு இருந்துது, அதுலேர்ந்து எடுத்துட்டேன். அந்த விளையாட்டை இப்ப யாரும் தயாரிக்கிறதில்ல. ஒண்ணு குறைஞ்சாலும் பல்லு விழுந்த வாய் மாதிரி தெரியும். வேற கிடைச்சதும் திருப்பி வச்சிடலாம்னு நினைச்சேன்.

— அதுக்குள்ள அக்காதான் பெருக்கித் தள்ளிட்டாங்கன்னு பழி வந்துது. அவங்க வீட்டுக்காரரு, அந்தத் தபால்காரரு, அத்தனை பேர் முன்னாடி தன் பொண்டாட்டின்னுகூடப் பாக்காமக் கத்தினாரே, நீங்க அங்கதானே உக்காந்திருந்தீங்க?

— காபி குடிச்சிட்டு இருந்தேன். அந்த அக்கா போட்ட காபி.

— அன்னிக்கு அடுப்படிக்குள்ள போனவங்கதான். உங்க எல்லாரையும் உக்கார வச்சு ஜெயிச்சவங்க, ஆறு வருஷமா ஒரு காயைத் தொடல.

— நீ எப்படிக் கண்டுபிடிச்ச?

— நான் எங்க? போன வாரம் நம்ம பொண்ணுதான் பாத்தா. பேசாம மூடி வச்சிட்டா. "அப்பாகிட்ட கேக்காதம்மா, பாவம்"னு மட்டும் சொன்னா.

— பாவம்னா சொன்னா?

— எனக்கும் அதுதாங்க குத்துச்சு. அப்பதான் இன்னொண்ணையும் சொன்னா. நம்ம சிவப்பு ஆளை எடுத்தது அவதானாம். மூச்சு முட்டுமேன்னு ஜன்னல் தொட்டியில செடி பக்கத்துல நிக்க வச்சிருக்கா. நீங்க வீட்டையே புரட்டிப் போட்டுக் கத்தவும், பயந்து மண்ணுக்குள்ள அமுக்கிட்டா.

— கொழந்தை… நான் கீழ போயிட்டு வரேன்.

— நானும் வரட்டா?

— வேணாம். நீ பக்கத்துல நின்னா என்னால தலை நிமிர முடியாது.

*

— வா தம்பி! இவரு இன்னும் தபாலாபீஸ்லேர்ந்து வரலையே.

— உங்களைப் பாக்கத்தான் வந்தேன்க்கா. அந்தக் கப்பல் விளையாட்டு…

— நானே சொல்லணும்னு இருந்தேன், பாரேன்! சிவப்பு மாலுமி கிடைச்சிட்டான்! நேத்து இவரு பொட்டியைத் திறந்தா, அட்டை மடிப்புல ஜம்முனு படுத்திருக்கான். இவரு மூஞ்சியைப் பாக்கணுமே! "நான்தான் சரியாத் தேடல, மன்னிச்சிடு"ன்னாரு. ஆறு வருஷம் கழிச்சு! இந்த ஞாயித்துக்கிழமை நானும் உக்காரப் போறேன், எல்லாரும் ஜாக்கிரதை.

— நடுவுல யாராவது பொட்டியை எடுத்தாங்களாக்கா?

— யாரு எடுப்பா? முந்தாநாள் உன் மக வந்து அலமாரியைத் தூசி தட்டிக் குடுத்தா. நான் உள்ள துணி மடிச்சிட்டு இருந்தேன். சொல்லிக்காமக்கூடப் போயிட்டா. தங்கமான பொண்ணு, பாரேன்.

— ஆமாக்கா.

— என்ன தம்பி, முகமெல்லாம் வேர்க்குது? கையை ஏன் இப்படி இறுக்கி மூடியிருக்க?

— அந்தச் சிவப்பு மாலுமியைக் கொஞ்சம் குடுங்கக்கா.

— இந்தா.

— இப்படியே திரும்பிப் போயிடலாமான்னுகூட ஒரு நிமிஷம் நினைச்சேன்க்கா. இவன் அடியில பச்சைப் புள்ளி இல்ல, பாருங்க. காலிடுக்குல எங்க வீட்டுத் தொட்டி மண்ணு இருக்கு. உங்க ஆளு ஆறு வருஷமா என் பொட்டியில இருந்தான். இதோ, என் கையில.