பச்சையில் நின்ற சொல்

என் தங்கையின் கணவர் செருப்பைக்கூட ஜோடி பார்த்துத்தான் கழற்றிவைப்பார் சார். அவ்வளவு நிதானமான மனிதர். அவரை எங்கள் அலுவலகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான்.

எங்கள் வேலை உங்களுக்குத் தெரியும். ஆம்புலன்ஸுக்கு அழைப்பு வந்தால் எந்த வண்டி பக்கத்தில் இருக்கிறது என்று காட்டும் மென்பொருள். அதற்கு இரண்டு இடம் உண்டு. ஒன்று, நாங்கள் உடைத்துப் பழகும் சோதனைக் களம். மற்றது, ஊரே நம்பியிருக்கும் நேரலை. இரண்டும் பார்க்க அச்சு அசலாக ஒன்றுபோல இருக்கும். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் ஒரு சொல் நிற்கும். அதை வைத்துத்தான் எங்கே இருக்கிறோம் என்று தெரிந்துகொள்வோம். பச்சையில் 'சோதனை', சிவப்பில் 'நேரலை'. யாரும் இடம் மாறிக் கைவைத்துவிடக் கூடாதென்று எல்லோர் கணினியிலும் அதைப் போட்டுக்கொடுத்தவன் நான். மாப்பிள்ளை ஒவ்வொரு கட்டளைக்கு முன்னாலும் அதை வாய்விட்டுப் படிப்பார். "பச்சை... சோதனை..." பக்கத்து இருக்கைக்காரர், "மந்திரம் ஓதியாச்சா?" என்று சிரிப்பார்.

அப்பாவும் அம்மாவும் போனபோது தங்கை பள்ளிக்கூடப் பிள்ளை. அவளுக்காகத் தலை பின்னக் கற்றுக்கொண்டேன். எனக்கென்று ஒரு கல்யாணம் வேண்டுமென்று தோன்றவே இல்லை. அவளுக்குக் கல்யாணம் ஆனதும் மாடியிலேயே குடிவைத்தேன். காலையில் அவள் நடமாடும் சத்தம் கீழே கேட்கும். அது போதும் எனக்கு.

பிறகு மாப்பிள்ளைக்கு வெளிநாட்டுக் கிளையில் வேலை வந்தது. அலுவலகப் படிக்கட்டில் நிறுத்தி, அவர் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். "போகாதீங்க மாப்பிள்ளை."

"என்ன மச்சான், சின்னப்பிள்ளை மாதிரி? லீவுக்கு லீவு வந்துருவோம்ல?"

தங்கையிடமும் கேட்டேன். பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டே, "இனிமேலாவது உங்களுக்குன்னு கொஞ்சம் வாழுங்கண்ணா" என்றாள். அன்பாகத்தான் சொன்னாள். அதன்பின் சாப்பாடு இறங்கவில்லை. மேலே பெட்டி இழுபடும்போதெல்லாம் தட்டை வைத்துவிட்டு மாடிப்படி வரை போய்த் திரும்பினேன்.

அவர் சாப்பிடப் போயிருந்த நேரத்தில் அவர் கணினியில் ஒரே ஒரு வரியை மாற்றினேன். எந்த இடத்தில் இருந்தாலும் பச்சையில் 'சோதனை' என்றே காட்டும்படி. ஏதாவது தவறு நடக்கும், மேலாளர் பயணத்தை நிறுத்திவைப்பார் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை ஒரு புகாரைப் பார்க்க அவர் நேரலைக்குள் போனார். வெளியே வர மறந்துவிட்டார். மறந்தது அவர்தான் சார். சோதனைக் களத்தில் இருக்கும் தகவல்களைத் துடைத்துப் புதிதாக நிரப்புவது அவருடைய அன்றாட வேலை. "பச்சை... சோதனை..." என்று படித்தார். துடைத்தார்.

அழைப்பு எடுக்கும் பெண்களின் திரைகளிலிருந்து வண்டிகள் எல்லாம் மறைந்தன.

"மச்சான், பச்சைதானே இருந்துச்சு? நீங்களே பாருங்களேன்." திரையை என் பக்கம் திருப்பினார்.

"தள்ளுங்க, நான் பாக்குறேன்" என்று உட்கார்ந்தேன். திரையில் பச்சையில் நின்ற வரிகளை அழித்தேன், நான் மாற்றியிருந்த அந்த வரியைப் பழையபடி ஆக்கினேன். எல்லோரும் பின்னால் வந்து நின்றபோது சிவப்பு வந்திருந்தது. "சிவப்புதான் மாப்பிள்ளை" என்றேன்.

நேரலையின் முழு நகல் ஒன்றை முந்தின நாளே எடுத்துவைத்திருந்தேன். எதிலும் பொறுப்பாக இருப்பது என் சுபாவம். நினைத்திருந்தால் அப்போதே திருப்பிப் போட்டிருக்கலாம். ஆனால் உடனே சரியாகிவிட்டால் அது சின்னத் தவறாகிப்போகும். மேலாளர் நாலு வார்த்தை திட்டிவிட்டு விட்டுவிடுவார், இவர்களும் விமானம் ஏறிவிடுவார்கள். அதனால் அலுவலகத்தின் பழைய நகலை எல்லோரோடும் சேர்ந்து நானும் தேடினேன். கிடைத்தபோது மதியம் தாண்டியிருந்தது.

விசாரணையில் ஒரு ஒலிப்பதிவு போட்டார்கள். "இதோ வருது, இதோ வருதுன்னே சொல்றீங்களேம்மா, அவரு கண்ணைத் திறக்கவே மாட்டேங்குறாரே" என்று ஒரு பெண் கேட்கிறாள். இறந்த மற்ற இருவரைப் பற்றி நான் கேட்டுக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை கண் மருத்துவரிடம் போய், நிறம் சரியாகத் தெரிகிறதா என்று பரிசோதித்துக்கொண்டார். நன்றாகத் தெரிகிறது என்றார்கள். அதைக் கேட்டுத்தான் அவர் உடைந்துபோனார். தப்பு தன்னுடையதுதான் என்று உங்களிடம் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார்.

இனி தங்கை கீழே வந்துவிடுவாள் என்று நினைத்தேன். அவளுடைய பழைய அறையைக்கூடப் பெருக்கிவைத்தேன். அவள் என் முகத்தையே பார்க்காமல் சொன்னாள்: "அவரை எந்த ஜெயில்ல போட்டாலும் நான் அந்த ஊருக்கே குடிபோயிடுவேண்ணா. வாராவாரம் பாக்கணும்ல?" பெட்டி மறுபடி இழுபட்டது.

அதனால்தான் நானாக வந்தேன். மாப்பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை, அவரை விட்டுவிடுங்கள். மனசாட்சி என்று ஒன்று இருக்கிறதே சார். ஒரே ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். என்னை எங்கே வைத்தாலும், பார்வையாளர்களை எப்போது விடுவீர்கள் என்று தங்கைக்குச் சொல்லிவிடுங்கள். ஏன் செய்தேன் என்று கேட்கவாவது அவள் வந்துதானே ஆக வேண்டும்.