ஆறு மில்லிமீட்டர்

எனக்கு ஐம்பத்தேழு வயது. ஊசியில் நூல் கோக்க இன்னும் கண்ணாடி தேவைப்படவில்லை. கண் தெரியாமல் நடந்த தவறு என்று விசாரணை அறிக்கையில் நீங்கள் எழுதிவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

வலிப்பு எங்கே தொடங்குகிறது என்று பார்க்க மூளைக்குள் மின்முனைகளைச் செருகுவார்கள். செருகும் முன் ஒரு ஸ்கேன், செருகிய பின் ஒன்று. மண்டையைத் திறந்தால் மூளை கொஞ்சம் அமுங்கும். உலோகம் படத்தில் கண்ணைக் கூசவைக்கும். இரண்டு படங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாகப் பொருத்துவது என் வேலை. அதை நம்பித்தான் கத்தி இறங்கும். பத்தொன்பது வருடம் கையால் பொருத்தினேன்.

பிறகு டீப் லேர்னிங் வந்தது, பழைய படங்களைப் பார்த்துத் தானே கற்கும் இயந்திரம். நான் பொருத்திய தொள்ளாயிரம் படங்களைத் தின்றுதான் அது தொழில் கற்றது. கொண்டுவந்த பொறியாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: “அரை மில்லிக்கு மேல பிசகாது அக்கா. உங்களுக்கு ரெண்டு மணி நேரம், இதுக்கு நாப்பது செகண்ட். இனிமே பாத்து ஒப்புதல் கொடுங்க, போதும். கையை வச்சுக் கெடுத்துடாதீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும்.

அது நான்கு முறை பிசகியது. யார் கண்ணிலும் படாத பிசகுகள். சத்தமில்லாமல் திருத்தி அனுப்பினேன். எனக்குத் தேவை வேறு.

ஐந்தாவது ஆள் காய்கறிச் சந்தையில் ஏலம் விடுகிறவர். “தலைக்குள்ள இத்தனை கம்பி வச்சிருக்கீங்களே, ரேடியோ எடுக்குமாம்மா?” என்றார். ஸ்கேன் முடிந்து போகும்போது, “வாயை மட்டும் விட்டுவைங்க. சோறு போடறது அதுதான்.”

அவர் படத்தில், வெட்ட வேண்டிய இடத்தை இயந்திரம் ஆறு மில்லிமீட்டர் முன்னால் தள்ளியிருந்தது. அங்கேதான் அவர் பேச்சு இருந்தது. திருத்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் இந்தப் பிசகு எல்லார் காதிலும் விழும். டீயைக் குடித்து முடித்துவிட்டு ஒப்புதல் கொடுத்தேன். கையை வைக்கவில்லை.

இப்போது பொறியாளர் வேலை போய் வீட்டில் இருக்கிறார். வேலை என்னிடம் திரும்பியிருக்கிறது. இனி வரும் நோயாளிகளுக்கு எவ்வளவு நல்லது, யோசித்துப் பாருங்கள்.

நேற்று வார்டுக்குப் போனேன். “எதைக் கேட்டாலும் ‘சரி’ங்கிறாரு. அந்த ஒரு வார்த்தைதான் மிச்சம்” என்றார் அவர் மனைவி. அந்த அம்மா தண்ணீர் பிடிக்கப் போனதும் கட்டிலருகே உட்கார்ந்து இதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஏலக்காரர் கண்ணில் நீர் வழிந்தது, துடைத்துவிட்டேன்.

“நான் செஞ்சதுல தப்பில்லையேண்ணே?”

“சரி” என்றார்.

அவரே மன்னித்துவிட்டார். நீங்கள் இன்னும் என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள்?