நம்பிக்கைக்கு மதிப்பெண்

நாலாவது ஸ்க்ரூ மட்டும் கழலவே மாட்டேன் என்றது. துரு. மொட்டை மாடி வெயிலில் கை வேறு வியர்த்து வழுக்கியது. படிக்கட்டில் செருப்புச் சத்தம் ஏறி வந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு நிமிடம் கிடைத்திருந்தால், இன்ஸ்பெக்டர் ஐயா, நீங்களும் நானும் இப்படி எதிரெதிரே உட்கார வேண்டிய வேலையே இருந்திருக்காது.

நிதானமாகவே சொல்கிறேன். எழுதிக்கொள்ள உங்களுக்கும் வசதி.

மதிப்பெண் போடுவது என் வேலை. பிள்ளைகளுக்கு இல்லை, பெட்டிகளுக்கு. கைப்பேசி கேட்கும் கணக்கை எங்கோ தூரத்துக் கணினிக்கு அனுப்பிக் காத்திராமல், பக்கத்து மாடியில் இருக்கும் ஒரு பெட்டியே போட்டுக் கொடுத்துவிடும். இதய நோயாளிகள் மணிக்கட்டில் கட்டும் பட்டையும் அப்படித்தான் ஓடுகிறது. துடிப்பு தப்பினால் பெட்டி கண்டுபிடித்து, வீட்டாள் ஒருவரின் கைப்பேசிக்கு அபாய மணி அனுப்பும். வேண்டாம் என்று அவர் சொல்லாவிட்டால் அரை நிமிடத்தில் ஆம்புலன்ஸ் கிளம்பிவிடும். பெட்டிகளை நடத்துவது தனியார். அவர்களில் யாரை எவ்வளவு நம்பலாம் என்று நூற்றுக்குக் கணக்குப் போட்டுச் சொல்வேன். அறுபதுக்குக் கீழே போனவரிடம் உயிர்களை ஒப்படைப்பதில்லை.

படியேறி வந்தவர் பெட்டிக்காரர். தொண்ணூற்றாறு. என் பட்டியலில் முதல் ஆள்.

என் அக்காவின் பட்டை அவருடைய பெட்டியில்தான் ஓடிக்கொண்டிருந்தது. "மாடிப்படி ஏறினாலே கத்துதுடா இது. புருஷன்னு ஒருத்தன் இருந்திருந்தாகூட இவ்வளவு வேவு பாத்திருக்க மாட்டான்" என்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் சமையலறைத் தரையில் கிடந்தாள். குழாய் திறந்தபடி ஓடிக்கொண்டிருந்தது. ஆம்புலன்ஸ் வரவில்லை.

மணி சரியான நேரத்தில் போயிருக்கிறது என்றது ஆபீஸ் பதிவு. வீட்டாள் என்று பதிந்திருந்த எனக்கு வரவேயில்லை, பெட்டி பொய் சொல்கிறது என்றேன். சொல்லச் சொல்ல எனக்கே அது உறுதியாகிவிட்டது. மேலதிகாரி தோளைத் தட்டினார். "துக்கத்துல பேசுறேப்பா. தொண்ணூத்தாறு நீ போட்ட மார்க்குதானே?"

சோதனைக்கு மட்டும் ஒழுங்காக நடந்து, நிஜ நோயாளிகளிடம் கோட்டைவிடும் ஆட்கள் இந்தத் தொழிலில் உண்டு. அதனால் நிஜ நோயாளிபோல வேடம் போட்ட இருநூறு சோதனைகளை அனுப்பினேன். இருநூறுக்கும் பெட்டி சரியாகவே பதில் சொன்னது. அவ்வளவு ஒழுங்கு என் சந்தேகத்தைத்தான் கூட்டியது.

எங்கள் விதிப்படி மூன்று மாதத்துக்குள் மூன்று நிஜ மணிகள் தாமதமானால் மதிப்பெண் சரிந்துவிடும். பெட்டி தானாகத் தவறுகிற மாதிரி தெரியவில்லை. வேகத்தை அளக்க அதற்குள் ஒரு சின்ன நிரலை வைக்க எனக்கு அனுமதி உண்டு. வைத்தேன். வருகிற மணியை ஆறு நிமிடம் பிடித்து வைத்திருந்துவிட்டு விடும். எதையும் நான் அழிக்கவில்லை. போக வேண்டிய மணி போகத்தான் செய்தது.

முதலில் ஒரு தையல்காரர். ஒன்பது நாள் கழித்து ஓய்வுபெற்ற கண்டக்டர். இரண்டோடு நிறுத்தியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். இரண்டு என்றால் தற்செயல் என்று தள்ளிவிடுவார்கள், ஐயா. மூன்றாவது ஒரு கணக்கு டீச்சர். வயது முப்பத்தெட்டு. துக்கம் கேட்கப் போனபோது அவருடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாவது வந்தீங்களே தம்பி" என்றார். அந்தப் பெட்டிக்காரரைச் சும்மா விடமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன்.

மதிப்பெண் முப்பத்தொன்றுக்கு வந்தது. அன்றே பெட்டிக்காரர் போன் செய்தார். அழுதிருந்த குரல்.

"சார், என் பெட்டி மேல தப்பில்ல. உள்ள தனியா ஒரு மெமரி கார்டு வெச்சிருக்கேன். உங்க ஆபீசுக்கு மணி போன விவரம் மட்டும்தான் வரும். இதுல வீட்டாள் என்ன பதில் சொன்னாங்கங்கிறதும் பதிவாயிருக்கும். நாளைக்கு அதிகாரிங்க முன்னால திறக்கிறேன். நீங்க அவசியம் வரணும். உங்க ஒருத்தரைத்தான் நம்புறேன்."

ஒரு மணி நேரம் முன்னதாகவே போனேன். அவரும் முன்னதாகவே வந்துவிட்டார், உங்களையும் கூட்டிக்கொண்டு. "என்ன சார், மார்க் போடுற கையில ஸ்க்ரூடிரைவர்?" என்று கேட்டபோதுகூட அவர் சிரிக்கத்தான் பார்த்தார்.

என் நிரல் மாட்டிக்கொள்ளும் என்று பயந்து கார்டை எடுக்கப் போனேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று பேரையும் கொன்றது நான்தான், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் போனது அதற்காக இல்லை. கார்டில் இருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை வரி ஒன்றுக்காக. அதை அச்செடுத்த தாள் உங்கள் முன்னால் இருக்கிறது. வாசிக்க வேண்டாம், எனக்கு மனப்பாடம்.

மதியம் மூன்று பதினேழு. ஆபீஸ் கூட்டத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தேன். நான்கு முறை தவறாகக் கத்திய ஒன்றை ஐந்தாவது முறை நம்புவது முட்டாள்தனம் என்று விளக்கிக்கொண்டிருந்தேன். அக்காவின் பட்டை அந்த வாரம் நான்கு முறை கத்தியிருந்தது. கையிலிருந்த கைப்பேசி அதிர்ந்தது. அரை நிமிடம் நான் சும்மா இருந்திருந்தால் ஆம்புலன்ஸ் தானாகவே கிளம்பியிருக்கும். இருபத்தெட்டாவது நொடியில், பேச்சை நிறுத்தாமலே, ‘தவறான எச்சரிக்கை’ என்ற பொத்தானை அழுத்தினேன்.