ஒன்பதாம் வகுப்பு மட்டும்

நல்ல வெளிச்சம் வேண்டும் என்பதற்காகவே வேப்பந்தட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கிழக்குப் பார்த்த கடையாகப் பிடித்தேன். வாசலில் ஜெராக்ஸ் மெஷின், உள்ளே இரண்டு கம்ப்யூட்டர். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், பட்டா மாறுதல், கல்லூரி விண்ணப்பம் என்று பதினெட்டு வருடமாக இதுதான் தொழில். என் தவறால் ஒரு விண்ணப்பமும் திரும்பி வந்ததில்லை. சந்தேகம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், தங்கராசு கடை என்றால் தெரியும்.

எங்கள் அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் களை வெட்டியவர்கள். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். ஊரில் யாருக்காவது தபால் வந்தாலும், கோர்ட் நோட்டீஸ் வந்தாலும் என்னைத்தான் தேடி வருவார்கள். தம்பி சின்னதுரைக்குப் படிப்பு ஏறவில்லை. குத்தகைக்கு நிலம் பிடித்து மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிறான். நல்லவன். அண்ணன் சொல்லைத் தட்டமாட்டான்.

என் மகன் சுதர்சனை எல்.கே.ஜி.யிலிருந்தே பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் படிக்க வைத்தேன். டை, ஷூ, மஞ்சள் பஸ். தம்பி மகள் பூவிழி, அவனைவிட நான்கு வயது சின்னவள், ஊரிலேயே அரசுப் பள்ளி. இரண்டு வீட்டுக்கும் ஒரே வாசல். காலையில் இவன் பஸ் ஏறும்போது அவள் பல் துலக்கிக்கொண்டே கையாட்டுவாள். அந்த நாட்களில் எனக்கு அவள்மேல் அவ்வளவு பிரியம். பழைய நோட்டில் மிச்சமிருக்கும் தாள்களைத் தைத்துக் கொடுப்பேன்.

அவள் ஏழாவது படிக்கும்போது எங்கள் பங்காளி வீட்டில் ஒரு காதுகுத்து. சாப்பிட்டு எழுந்த இடத்தில் ஒருவர் மக்காச்சோளப் படைப்புழுவுக்கு அடிக்கிற மருந்து பாட்டிலை எடுத்து வந்து, ஒரு டேங்குக்கு எவ்வளவு ஊற்றுவது என்று கேட்டார். அதிலே எல்லாம் பொடி எழுத்து இங்கிலீஷ். சுதர்சனிடம் கொடுத்தேன். அவன் அழகாகத்தான் வாசித்தான். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "ஒரு மூடி ஊத்துங்க, போதும்" என்று நான் சொன்னேன்.

பக்கத்தில் பாயாசம் குடித்துக்கொண்டிருந்த பூவிழி எட்டிப் பார்த்தாள். "ஏக்கருக்கு எம்பது மில்லி, எரநூறு லிட்டர் தண்ணின்னு போட்டிருக்கு பெரியப்பா. பத்து லிட்டர் டேங்குக்கு நாலு மில்லிதான் வரும். ஒரு மூடின்னா ரொம்ப அதிகம்."

சிரித்தார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. "தங்கராசு, ஒன் தம்பி மவ ஒன்னயே மிஞ்சிட்டாடா" என்று ஒரு பெரியவர் என் தோளில் தட்டினார். நானும் சிரித்தேன். அதற்குப் பிறகு மருந்து பாட்டில்கள் எல்லாம் என் வீட்டைத் தாண்டி அடுத்த கதவுக்குப் போயின. நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன், "பாப்பா இருக்காங்களா?" என்று என்னிடமே கேட்பார்கள். வயிறு எரிந்தது. அதற்கு வேறு நல்ல பேர் எதுவும் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடம் சுதர்சன் பிளஸ் டூ முடித்து நீட் எழுதினான். மார்க்கை வெளியே சொல்ல முடியாது. பதினாலு வருடம் மஞ்சள் பஸ்ஸில் போய்வந்த பிள்ளை. கவுன்சிலிங் சமயத்தில் ஆடு மேய்ப்பவர் ஒருவர் தன் மகளோடு கடைக்கு வந்தார். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்தவர்களுக்கு மருத்துவப் படிப்பில் ஏழரை சதவீதம் தனி ஒதுக்கீடு இருக்கிறதல்லவா, அந்தப் பெண்ணுக்கு அதில் இடம் கிடைத்தது. விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். அதில் வகுப்புக்கு ஒரு வரியாக ஏழு வரி வரும். ஏழிலும் அரசுப் பள்ளி என்று இருக்க வேண்டும். ஒன்றில் தனியார் பள்ளி என்று வந்துவிட்டாலும் மற்ற ஆறும் வீண்.

அந்த ஏழு வரியைத் தட்டும்போது எனக்குப் பூவிழி ஞாபகம்தான் வந்தது. ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வரி அவளுக்கு ஏற்கெனவே சரியாக விழுந்துவிட்டது. இன்னும் நான்கு விழுந்தால் எங்கள் பொதுவாசலில் டாக்டர் பூவிழி என்று பலகை தொங்கும். அதற்குக் கீழே குனிந்து நான் என் வீட்டுக்குள் போக வேண்டும்.

அன்று சாயங்காலமே தம்பி வீட்டுக்குப் போனேன். பூவிழியைப் பெரம்பலூரில் சேர்க்கலாம், பீஸை நான் கட்டுகிறேன் என்றேன். தம்பி மனைவி மஞ்சு தயங்கினாள்.

"இங்கயே நல்லாத்தானே படிக்குது மாமா. காலாண்டுகூட ஆரம்பிக்கப் போவுது. இப்பப் போயி எதுக்கு மாத்தணும்?"

"இங்க படிச்சு என்னம்மா ஆவப்போவுது? இங்கிலீஷ் வேணாமா? எனக்கும் அவ பொண்ணுதானே."

சின்னதுரை கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும் மஞ்சு" என்றான். அவ்வளவுதான், முடிவாகிவிட்டது. என் மனைவி லீலாவதி ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. நம் பையனைக் கோச்சிங் சேர்க்க யோசிக்கிற மனுசன் தம்பி மகளுக்கு அள்ளிக்கொடுக்கிறாரே என்று அவளுக்குக் கோபம். ஊர் என்னைப் பாராட்டியது. கூடப்பிறந்தவன் பிள்ளைக்கு யார் இப்படிச் செய்வார்கள் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

டி.சி. வாங்கப் போன மறுநாள் அவளுடைய வகுப்பாசிரியை வெற்றிச்செல்வி என் கடைக்கே வந்துவிட்டார். வெயிலில் ஸ்கூட்டியில் வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது.

"சார், இந்தப் புள்ள நிச்சயமா டாக்டராயிடும். இப்ப மாத்துனா ஏழரை சதவீதம் போயிடும். அவங்க அப்பாவுக்கு நான் சொன்னா வெளங்கல. அண்ணன்கிட்ட கேட்டுக்குங்கன்னு சொல்லிட்டாரு. நீங்க எடுத்துச் சொல்லுங்க சார்."

"கட்டாயம் சொல்றேன் டீச்சர்" என்று ஒரு கலர் வாங்கிக் கொடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் கழித்துப் போனில் கூப்பிட்டு, எவ்வளவோ சொல்லியும் தம்பி பிடிவாதமாக இருக்கிறான் என்று வருத்தப்பட்டேன். அவரும் வருத்தப்பட்டார்.

பூவிழியும் கேட்டாள். அவள்தான் கேட்டாளே. புது ஷூவைப் போட்டுக் காட்டுவதற்காகக் கடைக்கு வந்தவள், "பெரியப்பா, டீச்சர் என்னமோ சொன்னாங்க. அங்க போனா எனக்கு எதாச்சும் போயிருமா?" என்றாள். நான் யாருக்கோ பாஸ்போர்ட் போட்டோ வெட்டிக்கொண்டிருந்தேன். போட்டோ நேராகவே வந்தது.

"ஒண்ணும் போவாது பாப்பா. நல்லாப் படிக்கிற புள்ளய விட டீச்சருங்களுக்கு மனசு வராது. அதான்."

அவள் சிரித்துக்கொண்டே போனாள். நான் சொன்னால் அவளுக்கு அது போதும்.

ஒரு வருடம் படிக்க வைத்தேன். அதற்கு மேல் தேவையில்லை. ஒன்பதாம் வகுப்பு முடிந்ததும் கடையில் வரும்படி குறைந்துவிட்டது, இனிமேல் முடியாது என்று தம்பியிடம் சொன்னேன். உண்மையில் அந்த வருடம் நல்ல வரும்படி. அவள் பழைய பள்ளிக்கே பத்தாம் வகுப்புக்குத் திரும்பினாள். "ஒரு வருசமாச்சும் படிக்க வச்சீங்களே மாமா, அதுவே பெருசு" என்று மஞ்சு ஒரு மூட்டை வெங்காயம் கொடுத்தனுப்பினாள். மூன்று மாதம் வந்தது.

பிளஸ் டூவில் பூவிழி பள்ளியில் முதல். நீட்டிலும், ஏழரை சதவீதத்தில் என்றால் தாராளமாக இடம் கிடைக்கும் மார்க். பொதுப் பிரிவில் அது பத்தாது. கவுன்சிலிங் விண்ணப்பத்தை நிரப்ப அப்பாவும் மகளும் வந்தார்கள். அவள் என் பக்கத்தில் உட்கார்ந்து திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறு, ஏழு, எட்டு தட்டினேன். ஒன்பதில் அந்தப் பெரம்பலூர்ப் பள்ளியின் பெயரைத் தட்டினேன். எழுத்துப்பிழை இல்லாமல் தட்டினேன். பிறகு பத்து, பதினொன்று, பன்னிரண்டு. ஒதுக்கீட்டுக்குத் தகுதி இல்லை என்று வந்தது.

"ஒம்போதாவது மட்டும் தனியார்னு இருக்கே, அதனாலயா பெரியப்பா?"

"இப்படி ஒரு ரூல் இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது பாப்பா."

அவள் துப்பட்டா நுனியை விரலில் சுற்றிச் சுற்றிப் பிரித்தாள். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நடிப்பு இல்லை, தானாகவே வந்தது. சின்னதுரை எழுந்துவந்து என் முதுகைத் தடவினான். "நீ நல்லதுதானேண்ணே நெனச்ச. வுடு" என்றான். அழ வேண்டியவன் என்னைத் தேற்றினான்.

அந்த இடம் சுதர்சனுக்கு வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? அவன் அப்போது அரியலூரில் ஒரு சிமெண்ட் ஆலையின் எடைமேடையில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்களுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. அவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்காக விதி தெரிந்து, நாள் பார்த்து, கையில் இருந்த காசைக் கொடுத்துச் செய்தேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

இப்போது என்னிடம் அந்தப் பொறாமை இல்லை. அதெல்லாம் ஓய்ந்துவிட்டது. பூவிழி ஒரு வருடமாக வீட்டிலேயே உட்கார்ந்து மறுபடியும் நீட்டுக்குப் படிக்கிறாள். வெற்றிச்செல்வி டீச்சர் மாதிரித் தேர்வு வைக்கிறார். போன மாதம் எடுத்த மார்க்குக்குப் பொதுப் பிரிவிலேயே இடம் கிடைக்கும் என்று சொன்னாராம். மஞ்சு அதை என்னிடம் வந்து சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. எனக்குக் கவலையாகத்தான் இருந்தது. மாதிரித் தேர்வு வேறு, அசல் வேறு. இன்னொரு முறை தோற்றால் அந்தப் பிள்ளை தாங்காது, ஏதாவது செய்துகொள்ளும். இந்த வீட்டில் அதை யோசித்துப் பார்க்கிற அளவுக்குப் படித்தவன் நான் ஒருவன்தான்.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் எந்த விண்ணப்பமானாலும் என் போன் நம்பர்தான். இந்த முறையும் நீட் விண்ணப்பத்துக்குப் போட்டோ, கையெழுத்து எல்லாவற்றையும் என்னிடமே கொடுத்துவிட்டு அவள் படிக்கப் போய்விட்டாள். நேற்று சாயங்காலம் வந்து கேட்டாள். சர்வர் மெதுவாக இருக்கிறது, பிரிண்ட் பிறகு எடுத்துத் தருகிறேன் என்றேன். தலையாட்டினாள். நேற்றோடு கடைசித் தேதி முடிந்துவிட்டது. போட்டுவிட்டேன் என்றுதான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.