என் நாற்காலிகள் யாருக்கு?

அவைத் தலைமையேற்றிருக்கும் அறிவியல் புலத்தின் டீன் லிண்ட்க்விஸ்ட் அம்மையார் அவர்களே! முன்வரிசையில் அமர்ந்து, கண்மூடி என் உரையைக் கேட்க ஆயத்தமாகிவிட்ட ஓய்வுபெற்ற பேராசிரியப் பெருமக்களே! மெம்பிஸ் நகரிலிருந்து பேருந்தேறி, பனியைப் பொருட்படுத்தாமல் வந்து, எங்கள் ஊர் அடுப்பில் வேகவைத்த உருளைக்கிழங்கு ஹாட்டிஷையும் பொறுத்துக்கொண்ட, எங்கள் ரெனீட்டாவின் தாயார் பிராட்னாக்ஸ் அம்மையாரே, அவருடன் வந்திருக்கும் தேவாலயத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் ஆர்வில் டாலிவரின் அன்பு கலந்த வணக்கம்.

மின்னசோட்டாவின் வடகோடியிலுள்ள இந்தச் சிறிய பல்கலைக்கழகத்தின் நிலவியல் துறையில், ஒரே கறுப்பினப் பேராசிரியராக வாழ்ந்து இன்று ஓய்வு பெறுகிறேன். 'ஒரே' என்ற சொல்லோடு முப்பது ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்தியிருக்கிறேன். பல்கலைக்கழகம் அச்சிட்ட கையேடுகளைப் புரட்டுங்கள். எல்லாவற்றிலும் நான் இருப்பேன். நான் காலடி வைக்காத ஆய்வகங்களில்கூடச் சோதனைக் குழாயைப் பிடித்தபடி புன்னகைப்பேன். பின்வரிசையில் சிரிக்கும் நண்பரே, அது நகைச்சுவை அல்ல, அது புள்ளிவிவரம்.

சற்று முன் டீன் அம்மையார் ஒரு நற்செய்தி சொன்னார். டாலிவர் இருந்த குழுக்களில் எல்லாம் இனி எங்கள் துறையின் புதிய பேராசிரியர் டாக்டர் ரெனீட்டா பிராட்னாக்ஸ் அமர்வார் என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே அஞ்சினேன். ஏன் அஞ்சினேன்? அதைச் சொல்ல, அவர் இங்கே வந்த கதையைச் சொல்ல வேண்டும்.

சென்ற குளிர்காலத்தில் எங்கள் துறைக்கு ஒரு பேராசிரியர் தேவைப்பட்டார். தேர்வுக்குழுத் தலைவர் ஹால்வர் ஸ்டென்ஸ்ரூட். அதோ, மூன்றாம் வரிசையில் தாடியைத் தடவுகிறாரே, அவரேதான். ரெனீட்டா வந்தார். ஏரியடிச் சேற்றைக் குழாய் குழாயாக எடுத்து, எந்தச் சுரங்கத்துத் தூசு எந்தக் காலத்தில் எந்தத் தண்ணீரில் கலந்தது என்று பேசினார். எங்கள் துறையில் யாரும் தூங்காத முதல் உரை அது. இரவு விருந்தில் ஹால்வர் கேட்டார்: "உறைஞ்ச ஏரிப் பனியில துளை போட்டு மீன் பிடிப்பீங்களாம்மா?"

"இல்லீங்க சார். எனக்கு மீன் வேணாம், மீனுக்குக் கீழ இருக்கிற சேறு போதும்."

மறுநாள் குழு கூடியது. ஹால்வர் தமது வழக்கமான கேள்வியைக் கேட்டார். "பொண்ணு கெட்டிக்காரிதான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஏர்போர்ட்ல பனி கொட்டி, பிளேன் நின்னு, நாள் முழுக்க அந்தப் பொண்ணோட மாட்டிக்கிட்டா, என்னப்பா பேசுறது?"

அவையோரே, அந்த ஒரு கேள்வியால்தான் எங்கள் துறை உருவானது! பனியில் மீன் பிடிப்பவரோடு பேச முடியும். ஆகவே பனியில் மீன் பிடிப்பவரை எடுத்தோம். அவர் யாரோடு பேச விரும்புவார்? இன்னொரு மீன் பிடிப்பவரோடு. இனம் இனத்தோடே, வெள்ளாடு தன்னோடே! இன்று எங்கள் துறைச் சுவரிலுள்ள படங்களைப் பார்த்தால், ஒரே மனிதர் வெவ்வேறு கண்ணாடிகளை மாட்டிப் பார்ப்பதுபோல இருக்கும். மூவருக்குப் பெயரே எரிக். நிறம் பார்த்தோமா? சத்தியமாக இல்லை. மீன்தான் பார்த்தோம்.

முடிவை ஒரு வாரம் தள்ளிப் போட்டுவிட்டு, குழுவினர் எல்லோரும் டென்வர் மாநாட்டுக்குக் கிளம்பினோம். விமான நிலையத்தில் பனி கொட்டியது. விமானம் நின்றது. அறிவியல் எத்தனை அருமையானது பாருங்கள்! வாழ்நாளெல்லாம் வாயால் பேசிய சோதனையை வானமே நடத்தி வைத்தது.

முதல் ஒரு மணி நேரம் மீன் பேசினார்கள். பிறகு மீன் தீர்ந்துவிட்டது. சார்ஜ் போட அங்கே இருந்தது ஒரே ஒரு பிளக் பாயின்ட். மூன்று எரிக்குகள், மூன்று கைப்பேசிகள்.

"என்னோடத ஏன்டா புடுங்கின?"

"ஆய்வகத்துல என் சேத்து ஃப்ரீசரைப் புடுங்கி விட்டியே, அப்ப நான் கேட்டேனா?"

"பத்து வருஷமா அதையே சொல்லிக் காட்டு!"

ஹால்வரைக் காணவில்லை. தேடிப் போனேன். சிப்ஸ் விற்கும் இயந்திரத்துக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"இங்க என்ன பண்ற ஹால்வர்?"

"சத்தம் போடாத ஆர்வில். அவனுங்களோட இன்னும் ஒரு நிமிஷம் இருந்தாலும் எனக்குக் கிறுக்குப் புடிச்சிரும்."

"எல்லாரும் நீ பாஸ் போட்ட ஆளுங்கதானேப்பா?"

ஹால்வர் நேர்மையான விஞ்ஞானி. சோதனை பொய்த்தால் கருதுகோளைக் கைவிட வேண்டும் என்று அவருக்குத் தெரியும். திரும்பி வந்ததும், இந்த வேலைக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை முதலில் கரும்பலகையில் எழுதினார். பிறகுதான் பெயர்களை எடுத்தார். ரெனீட்டா முதலிடத்தில் வந்தார். யாரும் அவருக்குச் சலுகை காட்டவில்லை. காட்டிக்கொண்டிருந்த சலுகையை நிறுத்தினோம், அவ்வளவுதான்.

'ஆமென்' என்று குரல் கொடுத்த தாய்க்கு நன்றி. இன்னும் முடியவில்லை அம்மா.

எனக்கும் ஓர் ஆய்வு இருந்தது. ஏரித் தண்ணீரில் இரும்பு எப்படிக் கரைகிறது என்பது அது. நல்ல ஆய்வு. அதை நான் முடிக்கவில்லை. பன்முகத்தன்மைக் குழுவா, கூப்பிடு டாலிவரை. வரவேற்புக் குழுவா, கூப்பிடு டாலிவரை. படம் எடுக்க வேண்டுமா, டாலிவரை ஓரமாக நிறுத்தாதே, நடுவில் நிறுத்து! மறுத்தால், இவருக்கே தம் மக்கள்மேல் அக்கறை இல்லை என்பார்கள். போனால், இவர் ஏன் ஆய்வுக் கட்டுரை எழுதுவதில்லை என்பார்கள். வருத்தப்படுகிறேனா? ஆம், வருத்தப்படுகிறேன். கோபமும் இருக்கிறது. சிரித்த முகமாக இருப்பதால் பலருக்குத் தெரியாது.

சேறு எடுக்க வந்தவரைச் செயற்குழுவில் புதைக்கலாமா? ஏரிக்கு அழைத்து வந்தவரை ஏட்டில் கட்டிப் போடலாமா? ஒருவரை உள்ளே விட்டுவிட்டு, ஊர்ப்பாரம் முழுவதையும் அவர் தலையில் ஏற்றினால், அதற்கு வரவேற்பு என்று பெயரா? நியாயம் என்பது நம் எல்லோருக்கும் பொதுவென்றால், நியாயத்துக்கான வேலை மட்டும் ஏன் ஒருத்திக்குச் சொந்தம்?

டீன் அம்மையார் எழுந்திருக்கிறார். அமருங்கள் அம்மா, உங்களுக்கும் ஒரு குழு வைத்திருக்கிறேன்.

என் குழுக்களின் பெயர்களை வாசிக்கப் போகிறேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு கை உயர வேண்டும். உயரும்வரை நான் மேடையைவிட்டு இறங்க மாட்டேன். எனக்கு இனி வகுப்பும் இல்லை. முதலாவது, புதிய பேராசிரியர் தேர்வு நெறிக் குழு. யார்?

ஹால்வர். கை உயர்ந்துவிட்டது, எழுதிக்கொள்ளுங்கள். அடுத்தது, மாணவர் சேர்க்கைக் குழு. பெரிய எரிக்? நன்றி.

ரெனீட்டா, நீ ஏனம்மா கை தூக்குகிறாய்? கீழே போடு. வெளியே இன்னும் வெளிச்சம் இருக்கிறது. ஏரியில் பனி கெட்டியாக இருக்கிறதாம், துளை போட்டுச் சேறு எடுக்கலாம். எழுந்து போ. பேச்சின் நடுவே போவது மரியாதை இல்லை என்று யோசிக்காதே. எனக்கு இதைவிட மரியாதை வேறு இல்லை.

தாய்மார்களே, வழிவிடுங்கள். அவர் வேலைக்குப் போகிறார்.

போய்விட்டாரா? நல்லது. கதவைச் சாத்துங்கள், இன்னும் ஒன்பது குழுக்கள் இருக்கின்றன. வந்தவர்களுக்கு நன்றி, உட்கார்ந்திருப்பவர்களுக்கு வணக்கம்.