நாற்பத்தோராம் புள்ளி

மதியம் சாப்பிட்டால் எனக்குக் கண் சொக்கும் என்று யாரோ உங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். அது தப்பு, ஐயா. எனக்கு மதியத் தூக்கம் பழக்கமே இல்லை. ஒன்பது வருஷமாக அந்தக் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு நாள்கூட மேசையில் தலை சாய்த்ததில்லை. என் தம்பி மனைவியே நேற்று வந்து கெஞ்சிப் பார்த்துவிட்டுப் போனாள்.

"அண்ணி, ஒரு நிமிஷம் கண்ணசந்துட்டேன்னு சொல்லிடுங்களேன். மனுஷங்கதானே, யாருக்கும் வர்றதுதான். அப்படின்னா நான் எப்படியாவது தாங்கிக்குவேன்."

அவளுக்காக எதை வேண்டுமானாலும் செய்வேன், இதைத் தவிர. வேலை நேரத்தில் தூங்கினவள் என்ற பெயரை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். அன்றைக்கு ஒன்று ஐம்பதிலிருந்து மூன்று முப்பத்தைந்து வரை நான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. தண்ணீர் குடிக்கக்கூட எழுந்திருக்கவில்லை.

விசாரிக்க வந்திருக்கிற நீங்கள் வெளியூர்க்காரர், அதனால் நடுமேட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வளைகுடாவுக்கு இரண்டு கரை. இக்கரையில் ஒரு துறைமுகம், அக்கரையில் ஒரு துறைமுகம். நடுவில் கடலடி மேடாக இருக்கிறது. மீன் குஞ்சு பொரிப்பது அங்கேதான். மேடு யாருக்குச் சொந்தம் என்று இரண்டு தலைமுறையாக அடித்துக்கொண்டோம். வலையை அறுப்பது, படகைக் கொளுத்துவது, எல்லாம் நடந்தது. கடைசி வருஷத்தில் மட்டும் ஆறு பேர் செத்தார்கள். அதில் ஒருவர் என் வீட்டுக்காரர். அவரை இரும்புக் கம்பியால் அடித்தவர் யாரென்று எனக்குத் தெரியும். இப்போதும் சந்தையில் எதிர்ப்பட்டால் தலையாட்டிக்கொள்வோம். இந்த அளவு அமைதி எப்படி வந்தது என்று எந்தக் கரையில் வேண்டுமானாலும் போய்க் கேளுங்கள், என் பேரைத்தான் சொல்வார்கள்.

பொது மீன்பிடிப் பகுதியைச் சேர்ந்து நிர்வகிக்கிறவர்களுக்கு அரசு மானியம் என்று அறிவிப்பு வந்தபோது இரண்டு கரையிலும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. விண்ணப்பத்தை எழுதியது நான். நாற்பது பக்கம். நான்கு முறை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாம் முறை நானே எடுத்துக்கொண்டு போய் அந்த அதிகாரியின் மேசைக்கு முன்னால் நின்றேன். "உக்காருங்கம்மா, உக்காருங்கம்மா" என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், நான் காலை மாற்றி மாற்றி நிற்பதைப் பார்க்க முடியாமல் கையெழுத்துப் போட்டார்.

நிபந்தனைகள் கடுமைதான். மேட்டின் நடுப்பகுதி மூடப்படும். அங்கே யாரும் வலை போடக் கூடாது. எல்லாப் படகிலும் இடம்காட்டும் கருவி. கரையில் ஓர் அறை, அதில் இக்கரையிலிருந்து ஓர் ஆள், அக்கரையிலிருந்து ஓர் ஆள். எந்தப் படகு கோட்டைத் தாண்டினாலும் இரண்டு பேரும் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஒரு வருஷத்தில் மூன்று மீறல் ஆகிவிட்டால் மானியம் இரண்டு கரைக்கும் நின்றுவிடும். மூடிய மாதங்களுக்குக் கூலி, ஐஸ் ஆலை, எங்கள் அறை, மீட்புப் படகு எல்லாம் அந்த மானியத்தில் வந்தவைதான். ஆமாம், மீட்புப் படகும்தான். அதைச் சொல்லும்போது நீங்கள் ஏன் பேனாவைக் கீழே வைத்தீர்கள் என்று புரிகிறது.

மூன்றே வருஷத்தில் மீன் திரும்பிவிட்டது. கையளவு அகப்பட்டது முழங்கையளவு ஆனது. அக்கரைப் பெண்ணை இக்கரைப் பையன் கட்டிக்கொண்டான். கல்யாணத்துக்கு என்னை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள்.

என் தம்பியைப் பற்றிக் கேட்டீர்கள். எனக்கும் அவனுக்கும் பதினாலு வயசு வித்தியாசம். அம்மா போன பிறகு அவனைத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியது நான், காய்ச்சலில் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது நான், பெண் பார்த்துக் கல்யாணம் செய்துவைத்ததும் நான். வாய்த்துடுக்கு அதிகம். திரையில் அவன் படகு நாற்பத்தோராம் எண். பச்சைப் புள்ளியாகத் தெரியும். கரைக்கு வந்ததும் நேராக எங்கள் அறை ஜன்னலுக்கு வந்து தலையை நீட்டுவான்.

"என்னக்கா, இன்னைக்கு என் புள்ளி எப்படி இருந்துச்சு? கொஞ்சம் இளைச்சு போயிருக்குமே. வீட்டுல சோறு சரியில்ல."

அவனை வெறுத்தேனோ என்று தேடாதீர்கள். அப்படி ஒன்றும் கிடைக்காது.

இந்த வருஷம் ஆரம்பத்திலேயே இரண்டு மீறல் ஆகிவிட்டது. ஒன்று அவர்கள் பக்கம், ஒன்று எங்கள் பக்கம். இரண்டாவது மீறலுக்குப் பிறகு கூட்டுக் குழு கூடியது. பெரிய கூடம், இரண்டு கரையிலிருந்தும் முந்நூறு பேர். அக்கரையிலிருந்து ஒருவர், ஐஸ் வியாபாரி, எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்.

"எல்லார் படகும் மாட்டுது. அம்மாவோட தம்பி படகு மட்டும் மாட்ட மாட்டேங்குது. என்ன ராசியோ."

கூடம் முழுக்கச் சிரித்தது. எங்கள் பக்கத்து ஆட்களும் சிரித்தார்கள், அதுதான் எனக்கு வலித்தது. என் தம்பியும் கடைசி வரிசையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தான். நான் எழுந்து, என் தம்பி படகு கோட்டைத் தாண்டினால் அதை முதலில் எழுதும் கை என் கையாக இருக்கும், அவனுக்கென்று ஒரு மயிரிழைகூட வளைய மாட்டேன் என்று சொன்னேன். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ஐஸ் வியாபாரியே கையைக் கூப்பினார்.

அன்றைக்கு என்னோடு இருக்க வேண்டிய அக்கரைக்காரருக்குக் கடைவாய்ப் பல் வீங்கியிருந்தது. தாடையைப் பிடித்துக்கொண்டு முனகினார். போய்ப் பிடுங்கிக்கொண்டு வாருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நான்தான் அனுப்பினேன். இதில் திட்டம் எதுவும் இல்லை. பல்வலிக்கு யார் திட்டம் போட முடியும்.

ஒன்றரை மணிக்கு நாற்பத்தொன்று கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. ஒன்று நாற்பத்தைந்துக்கு உள்ளே வந்துவிட்டது. ஒன்று ஐம்பதுக்கு அபாய மணி அடித்தது. படகில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் எங்கள் அறையில் அடிக்கும். அழைப்பு வந்தால் நேரத்தையும் இடத்தையும் பதிந்து மீட்புப் படகுக்குச் சொல்ல வேண்டும். இடம் மூடிய பகுதிக்குள். மானியத்தைப் புதுப்பிக்க ஆய்வுக் குழு வர இன்னும் பத்து நாள்தான் இருந்தது. நான் பேனாவை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன், எழுதவில்லை.

அந்த வேளையில் நீரோட்டம் வடக்கே இழுக்கும். படகு மூடிய பகுதியின் மூலையை வெட்டிக்கொண்டு மறுபக்கம் வெளியே வந்துவிடும். கணக்குப் போட்டேன். ஒன்றே முக்கால் மணி நேரம். வெளியே வந்த பிறகு அழைப்பைப் பதிந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. அவன் நீச்சல் தெரிந்தவன், கடலும் அமைதியாக இருந்தது. நான் காத்திருந்தேன்.

மணி மறுபடியும் அடித்தது. உங்கள் கையில் இருக்கும் தாளில் பதினேழு முறை என்று இருக்கிறது. நான் எண்ணியதும் பதினேழுதான். திரை இப்போது நடப்பதைத்தான் காட்டும், பழையதை வைத்திருக்காது என்று நினைத்தேன். கருவி விற்ற நிறுவனம் எங்கேயோ ஒரு பிரதி வைத்திருப்பது எனக்குத் தெரியாமல் போயிற்று. ஆறாவது தடவையோ ஏழாவது தடவையோ அடித்தபோது ஒலியைக் குறைத்தேன். அணைக்கவில்லை, குறைத்தேன். காது வலித்தது.

சரியாக மூன்று முப்பத்தைந்துக்குப் புள்ளி கோட்டுக்கு வெளியே வந்தது. நான் போட்ட கணக்கு ஒரு நிமிஷம்கூடப் பிசகவில்லை. உடனே போனை எடுத்தேன். முதலில் அக்கரைக்காரரைக் கூப்பிட்டேன். அவருடைய ஒப்புதல் இல்லாமல் எழுதினால் நாளைக்குப் பேச்சு வரும். பல் மருத்துவரிடம் வரிசையில் இருந்தார், வாய் மரத்துப்போயிருந்தது.

"நாப்பத்தொண்ணு அபாயம் குடுத்திருக்கு. இடம் கோட்டுக்கு வெளியே. நல்லா குறிச்சுக்கங்க, வெளியே."

"ம்ம். ம்ம்." குழறலாகக் கேட்டார். "மீட்புப் படகு போயாச்சாம்மா?"

"இதோ சொல்லப்போறேன்" என்றேன்.

அவர் இடத்தை இரண்டு முறை திருப்பிச் சொல்லி எழுதிக்கொள்ள ஏழு நிமிஷம் ஆயிற்று. மூன்று நாற்பத்திரண்டுக்கு மீட்புப் படகைக் கூப்பிட்டேன். எப்போதும் எண்ணெய் நிரப்பித் தயாராக நிற்கும் படகு. நாற்பது நிமிஷத்தில் அங்கே போய்விட்டது. அதற்குள் படகு மூழ்கியிருந்தது. அடிப்பலகை பிளந்து மதியம் ஒரு மணியிலிருந்தே தண்ணீர் ஏறிக்கொண்டிருந்ததாம். என் தம்பியும் படகில் இருந்த வலைக்காரரும் போய்விட்டார்கள். சமையல்காரர் மட்டும் ஐஸ் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மிதந்தார்.

அவர் வாக்குமூலத்தை நீங்கள் படித்துக் காட்டினீர்கள். பொத்தானை அழுத்தி அழுத்தி என் தம்பியின் கட்டைவிரல் கன்றிப்போயிற்று என்று சொல்லியிருக்கிறார். அவர் பயந்து அழுதபோது என் தம்பி அவரைத் தேற்றினானாம். "எங்கக்கா பாத்துட்டுதான் இருப்பா. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது. இதோ வந்துருவாங்க பாருங்க." அவன் சொன்னது உண்மைதான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அதைக் கேட்டு எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நினைக்காதீர்கள். ஆனால் நான் தலைகுனிய மாட்டேன். சண்டை நடந்த கடைசி வருஷத்தில் ஆறு பேர். இப்போது இரண்டு பேர். மானியம் நின்றால் மறுநாளே கம்பியைத் தூக்குவார்கள்; அது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஆய்வுக் குழு வந்தது, பதிவேட்டைப் பார்த்தது, இன்னும் ஐந்து வருஷத்துக்கு மானியம் கொடுத்துவிட்டுப் போனது. மூடிய மாதத்தில் இரண்டு கரையிலும் எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும். என் தம்பி வீட்டிலும்தான்.

இப்போது இந்தத் தாளை என் பக்கம் நகர்த்துகிறீர்கள். ஏழாவது விதி. எஞ்சின் நின்று அடித்துவரப்பட்ட படகும், அபாயத்தில் இருக்கும் படகும் எல்லை மீறியதாகக் கருதப்படாது. படிக்க வேண்டியதில்லை ஐயா, அதை எழுதியதே நான்தான். மூன்றாவது முறை விண்ணப்பம் திரும்பி வந்தபோது சேர்த்தேன்.

அது எஞ்சின் நின்ற படகு என்றும் எனக்குத் தெரியும். வலை போடுகிற படகு முன்னும் பின்னும் போய்வரும், வளையும். நாற்பத்தொன்று ஒரே பக்கமாக, குப்பை மிதந்து போகிற மாதிரி போனது. ஒன்பது வருஷம் புள்ளிகளைப் பார்த்தவளுக்கு இது தெரியாதா. ஒன்று ஐம்பதுக்கே கூப்பிட்டிருந்தால் அது மீறலே இல்லை, மானியத்துக்கு ஒரு கீறலும் விழுந்திருக்காது, இரண்டு முப்பதுக்கு மூன்று பேரும் மீட்புப் படகில் இருந்திருப்பார்கள். அதுதானே நீங்கள் சொல்ல வருவது. சரிதான்.

ஆனால் அந்தக் கூடத்தில் நீங்கள் இல்லை. ஏழாவது விதியை இதுவரை யாருக்காகவும் பயன்படுத்தியதில்லை. முதல் தடவை அதை எடுத்து நீட்டுவது என் தம்பிக்காக என்றால் ஐஸ் வியாபாரி என்ன சொல்லியிருப்பார்? முந்நூறு பேரும் எப்படிச் சிரித்திருப்பார்கள்? என் தம்பி அதற்கும் சேர்ந்து சிரித்திருப்பான், அவன் குணம் அது. என்னால் முடியாது. மறுபடியும் அதே நாற்காலியில் உட்கார வைத்தாலும் முடியாது.

அடக்கத்துக்கு இரண்டு கரையும் வந்திருந்தது. ஐஸ் வியாபாரியும் வந்து தூரத்தில் நின்றார். அவர் முகத்தை நான் நன்றாகப் பார்த்தேன். தம்பிக்குச் சலுகை காட்டினவள் என்று இனி அவரால் என்னைச் சொல்ல முடியாது.